பின் சீட்டுக் குரல்

கடைப் பையனின் கேள்வி நியாயமானதுதான். "பாட்டு கேட்கவா, போன் பேசவா, இல்லை நாலு பேர் சேர்ந்து ஊர் சுற்றவா?" புனேயில் ஹெல்மெட்டும் மோட்டார் சைக்கிள் உதிரி சாமான்களும் விற்கும் கடை அது. கண்ணாடி மேஜை மீது ஐந்தாறு சின்னப் பெட்டிகளை வரிசையாக அடுக்கிவிட்டு என் பதிலுக்காகக் காத்திருந்தான்.

"மனைவியோடு பேச" என்றேன்.

"ஆன்ட்டி எந்த வண்டி ஓட்டுகிறார்கள்?"

"என் வண்டிதான். பின் சீட்."

பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். கடையில் வேறு யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு சிரித்தான். "அங்கிள், இங்கே வருகிறவர்கள் பின் சீட்டிலிருந்து வரும் குரல் கேட்காமல் இருப்பதற்குத்தான் இதையெல்லாம் வாங்குகிறார்கள்."

நானும் சிரித்து வைத்தேன். பழைய ஜோக். நானே பல விருந்துகளில் சொல்லியிருக்கிறேன். மூன்று வாரமாகத்தான் அதைச் சொல்ல முடியாமல் போயிருந்தது.

எங்களுக்குக் கல்யாணமான 1994ல் என்னிடம் இருந்தது ஒரு பஜாஜ் சேதக். புனேயை அடுத்த அகுர்டியில் பிறந்து, நாடு முழுவதும் நடுத்தர வர்க்கத்தைச் சுமந்த அதே ஸ்கூட்டர். மனைவி ஒருபக்கமாக உட்கார்ந்து, ஒரு கையால் ஸ்டெப்னியையும் மறு கையால் என் தோளையும் பிடித்துக்கொள்வாள். எங்கள் குடும்பத்தின் முக்கிய முடிவுகள் பலவும் அந்த ஸ்கூட்டரில்தான் எடுக்கப்பட்டன. மகனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு எவ்வளவு அனுப்புவது, கோத்ருடில் பார்த்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாமா வேண்டாமா எல்லாமே நாற்பது கிலோமீட்டர் வேகத்தில், காற்றில் கொஞ்சம் உரக்கப் பேசித் தீர்த்தவை. வீட்டில் மாமியார் மாமனார் இருக்கும் ஜோடிகளுக்கு ஸ்கூட்டர் வெறும் வாகனமில்லை. அது ஒரு தனியறை.

அந்த அறையை முதலில் மூடியது ஹெல்மெட். குறை சொல்லவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129வது பிரிவு ஓட்டுகிறவருக்கும் பின்னால் உட்காருகிறவருக்கும் அதைக் கட்டாயமாக்குகிறது. ஆனால் புனேக்காரர்கள் அந்தக் கட்டாயத்தோடு நெடுநாள் மல்லுக்கட்டினார்கள். 2019 ஜனவரியில் போலீஸ் கெடுபிடி தொடங்கியபோது எதிர்த்து ஊர்வலமே நடந்தது. அதுவரை என் ஹெல்மெட்டும் பெரும்பாலும் வண்டிக் கண்ணாடியில்தான் தொங்கியது. மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கையைப் படித்தால் அந்த மல்லுக்கட்டு எவ்வளவு அசட்டுத்தனம் என்று புரியும். 2022ல் மட்டும் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனங்களில் போனவர்கள். நூற்றுக்கு நாற்பத்து நாலுக்கு மேல்.

ஆகவே முகம் முழுவதும் மூடும் ஹெல்மெட் வாங்கினோம், எனக்கொன்று, அவளுக்கொன்று. சேதக் எப்போதோ போய், அந்த இடத்தில் 350 சிசி மோட்டார் சைக்கிள் வந்திருந்தது. இரண்டு ஹெல்மெட்டுகளும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும்போது மட்டும் "ஸாரி" என்போம். மற்றபடி பேச்சு நின்றுவிட்டது. நாற்பது நிமிடப் பயணத்தை இருவரும் தனித்தனியாகச் செய்து, இறங்கிய பிறகு சந்தித்துக்கொண்டோம். அதை ஒரு இழப்பாக அப்போது நினைக்கவில்லை. வயதானால் பேச்சு குறைவது இயற்கை என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த மௌனத்துக்குள்தான் இயர்பட்ஸ் நுழைந்தது. மகன் என் பிறந்த நாளுக்கு வாங்கித் தந்தான். கம்பியில்லாமல், காதுக்குள் அடங்கிவிடும் இரண்டு வெள்ளைக் குமிழ்கள். வெளிச் சத்தத்தை ரத்து செய்யும் வசதி உண்டு என்றான். ஒரு குட்டி மைக் வெளியே கேட்கும் இரைச்சலைப் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையைக் காதுக்குள் அனுப்ப, இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. விமான இன்ஜினின் இரைச்சல் போல ஒரே சீராக வரும் தாழ்ந்த ஒலிகளை இது நன்றாக அழிக்கிறது. திடீரென்று எழும் கூர்மையான சத்தங்களில் அவ்வளவு சாமர்த்தியம் காட்டுவதில்லை.

முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு ஹைவேயில் ஏறியபோது கிடைத்த சுகத்தை மறைக்க விரும்பவில்லை. காற்று காணாமல் போய்விட்டது. வண்டி இன்ஜின் எங்கோ பக்கத்து வீட்டில் ஓடுவது போல் இருந்தது. நடுவில் இளையராஜா. வயலின்கள் இடமிருந்து வலமாக நகர்வதுகூடக் கேட்டது. ஸ்பீடாமீட்டரைப் பார்த்தால் முள் 90ல் நின்றது. நான் 60 என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேகத்தைக் கண்ணால் மட்டும் நாம் அளப்பதில்லை, காதாலும் அளக்கிறோம். காது பொத்தப்பட்டால் கை தானாகவே ஆக்ஸிலரேட்டரை முறுக்கிவிடுகிறது. அன்றே விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

சின்னத் தொல்லைகளும் இருந்தன. ஹெல்மெட்டை மாட்டும்போது உள் பஞ்சு இயர்பட்ஸைப் பிடுங்கும். கழற்றி, பொறுக்கி, மறுபடி மாட்ட வேண்டும். அரை மணியில் காது மடல் வலிக்கும். ஒருமுறை பாலத்தின் மேல் ஒரு குமிழ் நழுவி ஹெல்மெட்டுக்குள்ளேயே உருண்டுகொண்டிருந்தது. அதைப் பற்றி யோசித்துக்கொண்டே முன்னால் போன லாரியை நெருங்கிவிட்டேன். இவற்றையெல்லாம் 'பழகிவிடும்' கணக்கில் எழுதினேன்.

2022 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாயி போகக் கிளம்பினோம். கிருஷ்ணா நதிக் கரையில் கணபதி கோயில் உள்ள ஊர். காத்ரஜ் தாண்டி, பழைய என்.எச். 4, இப்போது 48 என்று எண் மாறியிருக்கும் நெடுஞ்சாலை. நீரா ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் சாதாரா மாவட்டம். அடுத்தது ஷிர்வல். அங்கே சாலை அகலமாக, நேராக இருக்கும். எழுபதில் போய்க்கொண்டிருந்தேன்.

மனைவி சல்வார் கமீஸ் போட்டிருந்தாள். துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றி முடிந்து, மிச்சத்தை முதுகுப் பைக்கு அடியில் செருகியிருந்தாள். அந்த மிச்சம் எப்போதோ நழுவி, பின் சக்கரத்தின் பக்கம் பறக்க ஆரம்பித்திருக்கிறது. ஒரு கையில் பழக்கூடை, மறு கையில் கைப்பிடி. அவளால் எட்டி இழுக்க முடியவில்லை. என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். பிறகு முழங்கையால் என் முதுகில் தட்டியிருக்கிறாள். தட்டு, இடைவெளி, தட்டு, தட்டு.

நான் அவள் தாளம் போடுகிறாள் என்று நினைத்தேன்.

இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது. பாட்டுக்குச் சரியாகப் பொருந்தியும் வந்தது. அவளும் ரசிக்கிறாளே என்று சந்தோஷப்பட்டுத் தலையை ஆட்டினேன். பாட்டு என் காதில் மட்டும்தான் ஓடுகிறது, அவளுக்கு அது கேட்க வழியே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்து வந்தது ஒரு இழுப்பு. வண்டி லேசாக அலைந்தது. கண்ணாடியில் பழங்கள் சாலையில் உருள்வது தெரிந்தது. ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத் திரும்பினால், துப்பட்டாவின் பாதி சக்கரத்திலும் செயினிலும் கறுப்பாகச் சுற்றிக் கிடந்தது. அவள் கழுத்தில் போட்டிருந்தது சுருக்கு முடிச்சாக இல்லாததால் அவிழ்ந்து போயிருக்கிறது. கழுத்தின் இடது பக்கம் ஒரு விரல் நீளத்துக்குச் சிவந்த கோடு. அவ்வளவுதான். அவ்வளவோடு போயிற்று.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். அழவில்லை. கோபப்படக்கூட இல்லை. "நாலு தடவை கூப்பிட்டேங்க" என்றாள்.

என் தவறு காதோடு நிற்கவில்லை. பின் சக்கரத்தின் இடப்பக்கம் 'சாரி கார்டு' என்று ஒரு கம்பி வளையம் வண்டியோடு வரும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989ல், 123வது விதி அதைக் கேட்கிறது. பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி, கால் வைக்கப் படி, உடை சிக்காமலிருக்கப் பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாத பகுதியை மூடும் தடுப்பு. புடவையும் துப்பட்டாவும் நம் சாலைகளில் உள்ளவரை இதைவிட அவசியமான விதி இருக்க முடியாது. அதைத்தான் நான் ஒரு வருடம் முன்பு, பை மாட்ட இடைஞ்சல் என்றும் பார்க்க அழகாக இல்லை என்றும் கழற்றிப் பரணில் போட்டிருந்தேன். மறுநாள் காலையில் முதல் வேலையாக அது கீழே இறங்கி வண்டியில் ஏறியது.

இயர்பட்ஸை மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டினேன். அத்தோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். மனைவிதான் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினாள். "அது இல்லாம இருந்தாலும் உங்களுக்குக் கேட்டிருக்குமா?"

சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம். ஞாயிறு விடியற்காலையில் போக்குவரத்து இல்லாத ஒரு சாலை. என் காதில் எதுவும் இல்லை. இருவர் தலையிலும் ஹெல்மெட். அவள் பின்னாலிருந்து சாதாரணக் குரலில் எண்களைச் சொல்ல வேண்டும், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். முப்பதில் எல்லாம் கேட்டது. ஐம்பதில் பாதி. எழுபதில் ஏதோ முணுமுணுப்பு. எண் ஒன்றுகூடப் புரியவில்லை. நிறுத்திவிட்டு, "எழுபதில் என்னென்ன எண் சொன்னே?" என்று கேட்டேன். "எண்ணே சொல்லலை. உங்களைத் திட்டிக்கிட்டிருந்தேன்" என்றாள். அந்த மூன்று வாரத்தில் அன்றுதான் சேர்ந்து சிரித்தோம்.

இயர்பட்ஸ் குற்றவாளிதான், ஆனால் தனிக் குற்றவாளி இல்லை. உண்மையான இரைச்சல் காற்று. சுமார் 65 கிலோமீட்டரைத் தாண்டினால் இன்ஜின் சத்தத்தைக் காற்றுச் சத்தம் அமுக்கிவிடுகிறது. ஹெல்மெட்டின் மேல் மோதிச் சுழலும் காற்று, குறிப்பாகக் கழுத்துப் பக்கத் திறப்பு வழியாக உள்ளே வந்து காதருகே உறுமுகிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் நல்ல ஹெல்மெட்டுக்குள்ளேயே 95 டெசிபல் அளவுக்குப் போய்விடும்.

டெசிபல் கணக்கு நம் மனக்கணக்குக்கு ஒத்துவராதது. பத்து கூடினால் ஒலியின் சக்தி பத்து மடங்கு. தொழிலாளர் காதுகளைப் பற்றி ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நியோஷ், நாளொன்றுக்கு 85 டெசிபலை எட்டு மணி நேரம்வரை தாங்கலாம் என்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88க்கு நாலு மணி நேரம், 91க்கு இரண்டு, 94க்கு ஒன்று, 97க்கு அரை மணி, நூறுக்குக் கால் மணி. புனேயிலிருந்து வாயிக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. பாட்டே கேட்காமல் போனாலும் வேகமாகப் போகிறவரின் காது அன்றைய ரேஷனைத் தாண்டிச் செலவழித்துவிடுகிறது. சாதாரண இயர்போனைப் போட்டுக்கொண்டு காற்றையும் மீறிப் பாட்டு கேட்கிறவர் கதை இன்னும் மோசம். காற்றின் 95க்கு மேல் அவர் பாட்டை ஏற்ற வேண்டும்.

உள் காதில் உள்ள நுண்மயிர் அணுக்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. பேரொலி முதலில் தின்பது நாலாயிரம் ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த ஒலிகளை. அந்த இழப்பு சத்தம் குறைந்ததாகத் தெரியாது, மற்றவர்கள் தெளிவாகப் பேசாததாகத் தெரியும். ச, ஸ, ஷ போன்றவை முதலில் மங்கும். வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்லும் பெரியவர்கள் எல்லோரும் வயதால் மட்டும் அப்படி ஆகவில்லை.

பிரச்னை இப்போது வேறு வடிவம் எடுத்தது. எதில் பாட்டு இனிமையாகக் கேட்கும் என்பதல்ல கேள்வி. காற்றைக் குறைக்க வேண்டும், ஹாரன் கேட்க வேண்டும், பின் சீட்டுக் குரல் வந்து சேர வேண்டும். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சாதனத்தையும் எடை போட்டேன்.

ஒரே காதில் இயர்பட் என்பது பலர் செய்கிற சமரசம். நானும் யோசித்தேன். ஒரு ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை இரண்டு காதுகளுக்கும் அது வந்து சேரும் நேர வித்தியாசத்தையும் பலத்தையும் வைத்துத்தான் மூளை கண்டுபிடிக்கிறது. ஒன்றை அடைத்தால் ஹாரன் கேட்கும், எந்தப் பக்கம் என்று தெரியாது. நம் ஊரில் லாரி எந்தப் பக்கமும் வரலாம். தவிர, அடைக்காத காது காற்றை முழுசாக வாங்கிக்கொள்ளும்.

காதுக்கு முன்னால் கன்ன எலும்பில் உட்கார்ந்து, எலும்பு வழியாக ஒலியை அனுப்பும் வகை ஒன்று உண்டு. நடப்பவர்களுக்கும் ஓடுபவர்களுக்கும் அருமையானது, ஏனென்றால் காது திறந்தே இருக்கும். முகம் மூடிய ஹெல்மெட்டுக்குள் கன்னப் பஞ்சு அதை நசுக்கி நகர்த்திவிடுகிறது. காது திறந்திருப்பதால் காற்றும் தாராளமாக நுழைகிறது. அதனால் ஒலியைக் கூட்ட வேண்டி வருகிறது.

மிஞ்சியது ஹெல்மெட் ஸ்பீக்கர். நாலு சென்டிமீட்டர் அகலமுள்ள இரண்டு தட்டையான வில்லைகள், காது வரும் இடத்தில் ஹெல்மெட்டின் உட்புறம் ஒட்டப்படும். தாடைப் பகுதியில் ஒரு பட்டாணி அளவு மைக். வெளியே இடப்பக்கம், கையுறை போட்ட விரலாலும் அழுத்தக்கூடிய பொத்தான்கள் கொண்ட சின்னப் பெட்டி. காதுத் துவாரத்தை எதுவும் அடைப்பதில்லை. ஹாரன் வரும். இரண்டு ஹெல்மெட்டுகளில் ஆளுக்கொன்றாக மாட்டினால் புளூடூத் மூலம் ஒருவரோடொருவர் பேசலாம். கார்டோ, ஸேனா போன்ற பெயர்பெற்ற கம்பெனிகளின் உயர்ரகச் சாதனங்களில் பத்துப் பேருக்கு மேல் வலைப்பின்னலாக இணையலாம். "ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருந்தாலும் பேசலாம் அங்கிள்" என்றான் கடைப் பையன். எங்களுக்குத் தேவை ஒரு அடி. எளிய ஜோடி ஒன்றை ஒன்பதாயிரம் சொச்சத்துக்கு வாங்கினேன்.

ஆனால் ஸ்பீக்கர் காற்றைக் குறைக்காது. அதற்கான மருந்து கடையிலேயே மலிவான பொருளாக இருந்தது. மஞ்சள் நுரை இயர் ப்ளக், ஜோடி இருபது ரூபாய். காதை அடைத்துக்கொண்டு ஸ்பீக்கர் கேட்பதா என்று நானும் முதலில் சிரித்தேன். விஷயம் இதுதான்: ப்ளக் காற்றையும் குரலையும் ஒன்றாகக் குறைக்கிறது. ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் மாறுவதில்லை, ஆனால் மொத்த ஒலியும் காது தாங்கும் எல்லைக்குள் இறங்குவதால் பேச்சு திணறாமல் வருகிறது. கறுப்புக் கண்ணாடி போட்டால் வெயிலில் பாதை நன்றாகத் தெரிவது போல. சரியாகப் போட ஒரு முறை உண்டு. விரலால் உருட்டி மெலிதாக்கி, மறு கையால் காது மடலை மேலே இழுத்துக்கொண்டு செருகி, விரிந்து நிரம்பும்வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். வாயிலில் ஒட்டிவைத்தால் பிரயோஜனமில்லை. ஊருக்குள் இது தேவையில்லை, கூடாது. முப்பது நாற்பதில் காற்று தொல்லை தருவதில்லை. அங்கே காதுகள் இரண்டும் தெருவுக்குச் சொந்தம்.

ஸ்பீக்கரைப் பொருத்துவதில் ஒரு எச்சரிக்கை. ஹெல்மெட்டின் வெளி ஓட்டுக்கும் துணிப் பஞ்சுக்கும் நடுவில் தெர்மகோல் மாதிரி ஒரு தடித்த வெள்ளை நுரை இருக்கிறது. விழும்போது நசுங்கி, அடியைத் தான் வாங்கிக்கொண்டு மண்டையைக் காப்பாற்றுவது அதுதான். ஸ்பீக்கருக்கு இடம் போதவில்லை என்று கத்தியால் அதைச் சுரண்டிக் குழி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சுரண்டிய இடத்தில் ஹெல்மெட்டே இல்லை என்று அர்த்தம். 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை நம் நாட்டில் விற்கக் கூடாது. முத்திரை வாங்கிய ஹெல்மெட்டை நாமே கெடுத்துக்கொள்வதில் என்ன லாபம்? காதுக்கென்று ஏற்கெனவே குழி உள்ள ஹெல்மெட்டாகப் பார்த்து வாங்க வேண்டும். எங்களுடையதில் இருந்தது.

குழி இருந்தும் முதல் நாள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. ஸ்பீக்கர் காதுத் துவாரத்துக்கு நேராக இல்லாமல் அரை அங்குலம் தள்ளியிருந்தாலே பாதி ஒலி போய்விடுமாம். தலையில் மாட்டிய பிறகு காது எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மனைவி பூஜை அலமாரியிலிருந்து குங்குமத்தை எடுத்து வந்தாள். துளி எண்ணெயில் குழைத்து என் காது மேட்டில் ஒரு பொட்டு வைத்து, ஹெல்மெட்டை மாட்டிக் கழற்றச் சொன்னாள். உள் துணியில் சிவப்பாக ஒரு அடையாளம். அங்கே வெல்க்ரோவை ஒட்டினோம். வாங்கியவுடன் சேர்ந்து வந்த கையேட்டில் இந்த யோசனை இல்லை.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 திருத்தத்துக்குப் பிறகு 184வது பிரிவு, ஓட்டும்போது கையில் பிடித்த போனை உபயோகிப்பதை அபாயகரமான ஓட்டுதலாகச் சொல்கிறது. கையில் பிடிக்கவில்லையே என்று ஹெல்மெட் ஸ்பீக்கரில் ஆபீஸ் விவகாரங்களைப் பேசிக்கொண்டே போகலாமா? கை காலியாக இருந்தாலும் புத்தி காலியாக இருக்காது. போனில் மறுமுனையில் இருப்பவருக்கு என் முன்னால் திடீரென்று எருமை வந்தது தெரியாது. அவர் பேசிக்கொண்டே இருப்பார். பின் சீட்டில் இருப்பவளுக்கு அதே எருமை தெரியும். பேச்சை அவளே நிறுத்திவிடுவாள், அல்லது எனக்கு முன்பே "எருமை" என்பாள். இரண்டு பேச்சுக்கும் வித்தியாசம் இதுதான். எங்கள் சாதனத்தில் போன் இணைப்பை நான் ஏற்படுத்தவே இல்லை. பாட்டும் கிடையாது. இளையராஜாவை வீட்டில், நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறேன். அவருக்கும் அதுதான் மரியாதை.

2023 பிப்ரவரியில் மறுபடி வாயிக்குக் கிளம்பினோம். துப்பட்டா வீட்டில். சாரி கார்டு வண்டியில். காத்ரஜ் தாண்டி ப்ளக் மாட்டிக்கொண்டு ஹைவேயில் ஏறியதும் காதுக்குள் ஒரு மூச்சுச் சத்தம். பிறகு "ஹலோ" என்றாள், ட்ரங்க் கால் காலத்தில் பேசுவது போல. முப்பது வருடமாகக் கேட்கும் குரல். பேச்சு என்னவோ உப்புப் பெறாததுதான். வலப்பக்கம் கரும்பு நன்றாக வந்திருக்கிறது, கியாஸ் அடுப்பை அணைத்தோமா, அந்தக் கார்க்காரன் இண்டிகேட்டர் போடாமல் திரும்புகிறான் பாருங்கள். நடுவே மகன் வேலையை விட்டுவிட யோசிப்பதாக அவளிடம் சொன்ன செய்தி வந்தது. எனக்கு அதுவரை தெரியாது. வீட்டில் சொல்ல ஏனோ தோன்றவில்லை என்றாள். சேதக் நாட்களில் அவளுக்கு இதெல்லாம் தானாகத் தோன்றும்.

நீரா பாலம் தாண்டியதும் பேச்சு நின்றது. சாலை அகலமாகி நேரானது. ஸ்பீக்கரில் அவள் மூச்சு மட்டும் கேட்டது.

"இங்கதானே?" என்றாள்.

"ஆமா."

சிறிது தூரம் போனபின், அதே சாதாரணக் குரலில், "கொஞ்சம் மெதுவாப் போங்க" என்றாள்.

முதல் தடவையிலேயே கேட்டது.